எம்ஜிபி ஜோடிக் கார்புரேட்டருக்கு ஒரு ரீபில்ட் கிட்: ஓட்டை பழசாக இருந்தால் காசு வீண்

என் எம்ஜிபி 1960களின் நடுவில் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி இன்ஜின், அதில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டு, எஸ்யூ நிறுவனத்தின் ஹெச்எஸ்4 வகை. இரண்டையும் கழற்றிப் புதுப்பிப்பதற்காக ஒரு முழு ரீபில்ட் கிட் வாங்கினேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. குறைத்ததில் ஒன்று அட்டைப்பெட்டியின் மேல் போட்டிருக்கும் "புதியதுபோல் ஆக்கும்" என்ற வாசகத்துக்கு. மீதி அரை, உள்ளே வந்த ஒரு ஜெட்டுக்கும் (பெட்ரோல் வெளிவரும் துளைக்குழாய்) ஒரு காகிதத்துக்கும்.

பொருள் மோசமில்லை. சொல்லப்போனால் சில உருப்படிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பழைய எஸ்யூ தொல்லை கொடுப்பதற்கு முக்கியமான காரணம் எதுவோ, அதை இந்த கிட் தொடுவதே இல்லை. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி.

எஸ்யூவில் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம். மற்ற கார்புரேட்டர்களில் ஸ்லோவுக்கு (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஒரு ஜெட், மெயினுக்கு ஒரு ஜெட், பிக்கப்புக்கு ஒரு பம்ப் என்று தனித்தனியாக இருக்கும். இதில் ஜெட் ஒன்றே ஒன்றுதான். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்ப ஒரு பிஸ்டன் தானாக மேலே எழும். அதன் அடியில் இருக்கும் கூம்பிய ஊசியும் கூடவே ஜெட்டிலிருந்து எழும். வழி அகலமாகி பெட்ரோல் கூடுதலாக வரும். அவ்வளவுதான். பெயரில் இருக்கும் எண் வாயின் அளவு: ஓர் அங்குலத்துக்கு மேல் எட்டில் எத்தனை பங்கு என்பது. அதனால் ஹெச்எஸ்2 ஒன்றேகால் அங்குலம், ஹெச்எஸ்4 ஒன்றரை, ஹெச்எஸ்6 ஒன்றேமுக்கால். பாகங்கள் குறைவு என்பது பெரிய சௌகரியம். அதே காரணத்தால் ஒரு பாகம் தேய்ந்தாலும் வண்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

என் வண்டி காட்டிக்கொடுத்தது ஸ்லோவில். சிக்னலில் நிற்கும்போது நிமிடத்துக்கு ஒரு நேரம் 800 சுற்று, இன்னொரு நேரம் 1200. மிக்சரை, அதாவது பெட்ரோல்-காற்று விகிதத்தை, திருகித் திருகி யாராலும் சரிசெய்ய முடியாத வகை ஆட்டம் இது. காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தட்டைத் தாங்கும் கம்பியான ஸ்பிண்டில் இருபக்கமும் தேய்ந்து, அந்த இடைவெளி வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். சோதிப்பது எளிது. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது ஸ்பிண்டில் முனைகளில் கார்புரேட்டர் கிளீனரைத் துளி அடித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கேதான் கசிவு. சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கத்திலேயே இருக்கிறது, சூடாகவும் இருக்கும். எனவே கை தாராளம் வேண்டாம், தீயணைப்பான் அருகில் இருக்கட்டும். ஸ்பிண்டிலைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாலும் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கிட்டில் ஸ்பிண்டில் இரண்டு வந்தன. சுத்தமான கடைசல், திராட்டில் தட்டு உட்காரும் பிளவும் நேராக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: அவை ஒரிஜினல் அளவு. பழைய ஸ்பிண்டில் தேயும்போது தான் மட்டும் தேய்வதில்லை, கார்புரேட்டர் உடம்பில் இருக்கும் துளையையும் முட்டை வடிவமாக்கிவிடும். கிட்டைப் பிரித்ததும் புது ஸ்பிண்டிலை அந்தத் துளையில் விட்டுப் பார்த்தேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது, போகவில்லை. லேத் வேலை செய்பவரிடம் கொண்டுபோனேன். வாங்கி ஒரு முறை ஆட்டிப் பார்த்தவர், "சார், கம்பி புதுசு, ஓட்டை பழசு. இதை அப்படியே மாட்டினா திரும்ப என்கிட்டதான் வருவீங்க" என்றார். இந்த விமர்சனத்தை அவரே எழுதியிருக்கலாம்.

இதற்கு வழி இரண்டு. 10 தௌ, அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, தடிமன் கூடிய ஓவர்சைஸ் ஸ்பிண்டில் கிடைக்கிறது. துளையை ரீமர் என்ற கடையும் கருவி விட்டு அந்த அளவுக்கு வட்டமாக்கி அதைப் போடலாம். தேய்மானம் சிறிதாக இருந்தால் அது போதும். இல்லையென்றால் துளையைப் பெரிதாக்கி புஷ் என்ற சிறு உருளை உறையை அடித்து, ஒரிஜினல் அளவு ஸ்பிண்டிலையே போடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்தேன். கிட்டில் வந்த ஸ்பிண்டில் வீணாகாமல் இருக்க அதுதான் வழி. இரண்டு பக்கத்துப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் கிடையாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு உடம்பைத் திருப்பி மறுபக்கம் துளைத்தால் மயிரிழை கோணலாகும், ஸ்பிண்டில் இறுகும், ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் திராட்டில் முழுதாக மூடாது. ஒரே மூச்சில் இருபக்கமும் ரீமர் ஓட வேண்டும். கை டிரில்லை வைத்துக்கொண்டு வீட்டில் செய்கிற வேலை இல்லை இது.

இந்தச் செலவு கிட்டின் விலையில் சேராது. அட்டையிலும் ஒரு வார்த்தை கிடையாது. "துளையைச் சரிபார்த்துவிட்டு வாங்கவும்" என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணை நான் குறைத்திருக்க மாட்டேன்.

திராட்டில் தட்டுகள் அருமை. ஓரத்தின் சரிவு சரியாக இருந்தது, மூடினால் வெளிச்சம் சுற்றிலும் ஒரே அளவில்தான் கசிந்தது. பிற்கால வண்டிகளில் தட்டில் ஒரு குட்டி வால்வு இருக்கும். இவை அது இல்லாத மொட்டைத் தட்டுகள், என் வண்டிக்கு இதுதான் சரி. தட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் நுனி பிளந்திருக்கும். முதலில் லேசாக மாட்டி, திராட்டிலை மூடித் தட்டைத் தானாக நடுவில் உட்காரவிட்டு, பிறகு இறுக்கி, நுனியை விரித்துவிட வேண்டும். விரிக்க மறந்து அது கழன்றால் அடுத்த நிறுத்தம் சிலிண்டர்தான்.

இனி அந்த ஜெட். ஹெச்எஸ்4 ஜெட்டின் துளை 0.090 அங்குலம். அடியில் ஒரு நைலான் குழாய் இருக்கும், அது பெட்ரோல் மட்டத்தை மிதவையால் காக்கும் மிதவைக் கிண்ணத்துக்குப் போகும். முன் கார்புரேட்டருக்கும் பின் கார்புரேட்டருக்கும் குழாய் திரும்பும் பக்கம் வேறு. எனக்கு வந்த இரண்டு ஜெட்டும் ஒரே பக்கத்துக்கானவை. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மறுபேச்சு இல்லாமல் சரியானதை அனுப்பிவிட்டார். ஆகவே பெரிய புகார் இல்லை. ஆனால் வாங்குகிற எல்லோரும் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன்பே இரண்டு ஜெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தபாலுக்குக் காத்திருப்பது எரிச்சலான வேலை.

காகிதம் என்று சொன்னேனே, அது செய்முறைத் தாள். நகலெடுத்து நகலெடுத்து மங்கிய, பாகங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு படம், அடியில் பாகங்களின் எண். ஜெட்டை எப்படி நடுவில் நிறுத்துவது என்று ஒரு வரிகூட இல்லை! நிலையான ஊசி வைத்த கார்புரேட்டரில் அதுதான் மொத்த வேலையின் உயிர். ஊசி ஜெட்டின் சுவரில் உரசினால் பிஸ்டன் தடுக்கும், இரண்டும் சேர்ந்து தேயும். செய்ய வேண்டியது இதுதான். ஊசியின் தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்கும்படி பூட்டுங்கள். மிக்சர் நட்டையும் அதன் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, நட்டை மட்டும் திரும்ப மேலே முழுக்க ஏற்றி, ஜெட்டை மேலே தள்ளிப் பிடியுங்கள். ஜெட் பேரிங்கைப் பிடிக்கும் பெரிய நட்டைத் தளர்த்துங்கள். பிஸ்டனை மேலிருந்து மெல்ல அழுத்தினால் ஊசி ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவரும். அந்த நிலையிலேயே பெரிய நட்டை இறுக்குங்கள். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று மெல்லிய உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். பிறகு ஜெட்டை முழுக்கக் கீழே இறக்கி அதே சோதனை. இரண்டிலும் ஒரே சத்தம் என்றால் சரி. கீழே இறக்கியபோது சத்தம் கூர்மையாகக் கேட்டால் திரும்பவும் முதலிலிருந்து. பொறுமையைச் சோதிக்கும், வேறு வழியில்லை. பிற்கால ஸ்பிரிங் வைத்த சாயும் ஊசிக்கு இந்தப் பாடு கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்.

மிதவை வால்வின் நுனியில் வைட்டான் ரப்பர் இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது தாங்கும். பழைய வால்வு ஒழுகி ஓவர்ஃப்ளோ ஆகிக்கொண்டிருந்தது, இப்போது இல்லை. கிட்டுக்கு நான் கொடுத்த மூன்றரையில் பெரும்பங்கு இதற்கும் கேஸ்கெட்டுகளுக்கும்தான். மிதவையே கிட்டில் வராது, உங்களுடையது விரிசல் விட்டிருந்தால் தனியாக வாங்க வேண்டும். மிதவைக் கிண்ண மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவைக் கரத்துக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவில் எட்டில் ஒரு அங்குல டிரில் பிட்டை வைத்துப் பார்த்தால் உயரம் தெரிந்துவிடும்.

எந்தக் கிட்டும் தராத பாகம் மேலே, பிஸ்டன் ஏறி இறங்கும் கூடான சக்ஷன் சேம்பரும் பிஸ்டனும். ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்தவை. முன் கார்புரேட்டருடையதை எடுத்துப் பின் கார்புரேட்டரில் போடக் கூடாது, உள்ளே எமரி தாளைக் கொண்டுபோகவே கூடாது. கழுவித் துடைத்தால் போதும். பிஸ்டனின் அடியில் இருக்கும் இரண்டு சிறு துளைகளை அடைத்து, பிஸ்டனின் வேகத்தை அடக்கும் டேம்பரையும் மாட்டி, தலைகீழாகப் பிடித்தால் சேம்பர் தானாக இறங்கும். ஹெச்எஸ்4க்கு 5 முதல் 7 விநாடி ஆக வேண்டும். என்னுடையவை இரண்டும் அந்தக் கணக்குக்குள் வந்தன. வராமல் போயிருந்தால் கிட்டை வாங்கியதே வீண்.

மாட்டியபின் ட்யூனிங் சுகமாகவே நடந்தது. ஜெட்டை மேலே சமமாக நிறுத்தி, மிக்சர் நட்டை 12 பட்டை, அதாவது இரண்டு சுற்று, இறக்கி ஸ்டார்ட் செய்தேன். இரண்டையும் இணைக்கும் கம்பியின் கிளாம்புகளைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் சீறல் ஒன்றாகக் கேட்கும்வரை ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகினேன். அதற்கென்று மீட்டர் விற்கிறார்கள். காது போதும் என்பது என் கட்சி. பிறகு பிஸ்டனைத் துளி தூக்கிப் பார்ப்பது: ஓட்டம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), விழுந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), லேசாக ஏறி உடனே தணிந்தால் சரி. இப்போது ஸ்லோ 800இல் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. ஆனால் அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் புஷ் போட்டவருடையது.

கிட்டோடு வந்த, டேம்பருக்கு ஊற்றும் குட்டி டாஷ்பாட் எண்ணெய் 20 கிரேட். சரியானதுதான், ஆனால் அதைவிடச் சிறிய பாட்டிலை நான் பார்த்ததில்லை.

ஆர்டர் போடுபவர்களுக்கு: மிதவைக் கிண்ண மூடி ஸ்க்ரூவின் கீழ் ஏயுடி என்று தொடங்கும் எண் பொறித்த சிறு தகடு இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால்தான் சரியான ஊசி வரும். பல வண்டிகளில் அது எப்போதோ தொலைந்திருக்கும். பழைய ஊசியின் தண்டிலும் குறி உண்டு, ஆனால் நடுவில் யாராவது ஊசியை மாற்றியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பாமல் இன்ஜின் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். 1970களின் எம்ஜிபி வைத்திருப்பவர்கள், உங்களுடையது மிதவைக் கிண்ணம் உடம்புக்குள்ளேயே இருக்கும் ஹெச்ஐஎஃப் வகையா என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிடுங்கள். அதற்கு இந்தக் கிட் பொருந்தாது.