காலையில் செய்தி, இரவில் சினிமா: ஓஎல்இடியா, மினி எல்இடியா?

எங்கள் வீட்டு ஹாலில் கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல். அதற்கு நேரெதிர்ச் சுவரில் டிவி. காலை ஒன்பது மணிக்குப் போட்டால் படத்தோடு ஜன்னல் கம்பிகளும் சேர்ந்தே தெரியும். அம்மாவுக்கு எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை செய்தி சேனல் ஓட வேண்டும். எனக்கு இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக ஒரு படம் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் 55 அங்குல டிவி தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன்.

முதலில் பெயர்க் குழப்பம். எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி மூன்றுமே அடிப்படையில் எல்சிடிதான். திரை தானாக ஒளிராது, பின்னால் விளக்கு வேண்டும். க்யூஎல்இடி என்பது சாம்சங் 2017இல் பிரபலமாக்கிய பெயர். நீல விளக்கின் ஒளியைக் குவாண்டம் டாட் எனும் நுண்துகள்கள் கொண்ட படலம் வழியாக அனுப்பி சிவப்பையும் பச்சையையும் சுத்தமாக எடுக்கிறார்கள். நிறம் நன்றாக வரும். ஆனால் கறுப்பு கறுப்பாக வருமா என்பது பின்விளக்கு எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. விலை குறைந்த க்யூஎல்இடியில் விளக்கைப் பகுதி பகுதியாகக் குறைக்க வழி இருக்காது. இரவுக் காட்சி முழுக்கச் சாம்பல் பூசினாற்போல இருக்கும். பளீரென்ற கடை வெளிச்சத்தில் இது கண்ணுக்கே படாது. பெயரை மட்டும் நம்பி இதை வாங்காதீர்கள்.

ஆக, உண்மையான போட்டி ஓஎல்இடிக்கும் மினி எல்இடிக்கும்தான்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும், அதாவது பிக்சலும், தானே ஒளிர்கிறது, கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடுகிறது. 2013இல் எல்ஜி 55 அங்குலத்தில் விற்க ஆரம்பித்ததிலிருந்து இருட்டறையில் இதை அடித்துக்கொள்ள வேறொன்று வரவில்லை என்றே சொல்வேன். சமையலறை வாசலில் நின்று பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளுப்பதில்லை.

எனக்குத் தயக்கம் வந்தது அம்மாவின் செய்தி சேனலால். மேல் மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதற்கும் கீழே ஓடும் வரி. தினமும் ஆறேழு மணி நேரம் அதே இடம் ஒளிர்ந்தால் அங்குள்ள பிக்சல்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மங்கும். பிறகு சினிமா போட்டாலும் அந்தப் பட்டையின் தடம் லேசாகத் தெரியலாம். இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். பெரும்பாலும் வாரண்டியில் இது வராது. இதைத் தள்ளிப்போட டிவியே ஒரு பராமரிப்பு வேலையைச் செய்துகொள்கிறது, ஆனால் அது நடப்பது டிவியை அணைத்த பிறகு, ஸ்டாண்ட்பையில். எங்கள் வீட்டில் படுக்கப் போகும்போது மெயின் சுவிட்சையே அணைப்பதுதான் வழக்கம், அப்படியானால் அந்த வேலை நடக்காது. இன்னொன்று, பகல் கிரிக்கெட் மாதிரி திரை முழுக்க வெளிச்சமான காட்சி வந்தால் ஓஎல்இடி தன் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். எதிரே ஜன்னல் இருக்கும் ஹாலுக்கு அது சிரமம்.

மினி எல்இடியில் திரைக்குப் பின்னால் மிகச் சிறிய விளக்குகள் நிறைய. அவற்றை மண்டலங்களாகப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிறார்கள். டிசிஎல் 2019இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை டிம்மிங் மண்டலம்? குறைவாக இருந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை சப்டைட்டில் வரும்போது எழுத்தைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒளி கசியும்.

அதைச் சோதிக்கவே ஒரு பென் டிரைவில் இரவுக் காட்சி ஒன்றைப் போட்டு எடுத்துப் போனேன். கடையில் எல்லா டிவியும் நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடில், பூவும் கிளியுமாக ஓடிக்கொண்டிருக்கும். சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு கடையில் மறுத்துவிட்டார்கள், அடுத்த கடைக்குப் போய்விட்டேன். அப்புறம் எச்டி அல்லாத ஒரு சாதாரண எஸ்டி சேனலையும் போட்டுப் பாருங்கள். 576 வரிப் படத்தை 4கே திரையின் 2160 வரிக்கு இழுக்கும்போதுதான் டிவியின் பிராசஸர் லட்சணம் தெரியும். இதில் எனக்குச் சோனி பிடித்தது. காட்சிக்குக் காட்சி ஒளியையும் நிறத்தையும் சரிசெய்யும் டால்பி விஷன் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் சாம்சங்கை விட்டுவிடலாம், அதில் கிடையாது.

விலை விஷயத்தில் ஒன்று. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விமர்சனங்களில் உள்ள விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியில் மண்டலங்கள் அதிகமுள்ள மினி எல்இடிதான் வாங்கினேன். ஜன்னல் இல்லாத தனி அறை இருந்து, நான் மட்டும் பார்ப்பதாக இருந்தால் யோசிக்காமல் ஓஎல்இடி எடுத்திருப்பேன். இப்போது அம்மாவுக்குக் காலையில் ஸ்டாண்டர்ட் மோட், வெளிச்சம் முழுசாக. இரவில் நான், படத்தை இயக்குநர் நினைத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றிக்கொள்கிறேன். சப்டைட்டிலைச் சுற்றி மெல்லிய கசிவு இருக்கத்தான் செய்கிறது, உற்றுப் பார்த்தால் தெரிகிறது.