காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணம்: இலைக் கணக்கும் பத்திரிகை ப்ரூஃபும்

மெல்பர்னில் இருந்துகொண்டு ஊரில் ஒரு கல்யாணத்தை நடத்த முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். பந்தல், மேளம், பூ, வண்டி, போட்டோ எல்லாவற்றையும் நம்பிக்கையான ஓர் ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனில் பேசிக்கொள்ளலாம். ஆனால் சமையலையும் பத்திரிகையையும் அப்படி விடாதீர்கள். இந்த இரண்டுக்கும் நாமே நேரில் போய் உட்கார வேண்டும்.

தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். எங்களுக்கு மதுரை, பெண் வீட்டுக்குக் கோவை, இரண்டு பக்கமும் பாதிச் சொந்தம் வெளிநாட்டில். எல்லோரும் ஒரே இடத்தில் தங்கட்டும் என்று காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைப் பிடித்தோம். மதுரையில் இறங்கினாலும் திருச்சியில் இறங்கினாலும் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

இந்த வீடுகளில் நிபந்தனைகள் உண்டு. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அண்டாவை இழுக்கக் கூடாது. அடுப்பெல்லாம் பின்கட்டுக்கு வெளியே கொட்டகை போட்டுத்தான். இத்தனை காலம் காப்பாற்றிய வீட்டை நமக்குக் கொடுக்கிறார்கள், கேட்பதில் தப்பே இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சமையல்காரரை அங்கே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், பந்திக்கும் அடுப்புக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் பார்க்கிற பார்வையே வேறு.

சமையலை இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று கூலிக்குப் பேசுவது: மாஸ்டர் மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார், சாமான் நாம் வாங்க வேண்டும், ஆட்களுக்குக் கூலி தனி. இன்னொன்று இலைக்கு இவ்வளவு என்று பேசுவது: சாமான், ஆள், பரிமாறுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலிக்குப் பேசினால் செலவு குறையும் என்பார்கள். ஆனால் கடைக்குப் போக, காய்கறி இறக்க, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க உள்ளூரில் ஒரு வீட்டு ஆள் முழுநேரமாக நிற்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இலைக் கணக்குதான் சரி. பேசும்போது உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 14 இலக்க எண், ரசீதிலேயே இருக்கும்.

இலைக் கணக்கில் சண்டை வருவது சாப்பாட்டுக்குப் பிறகுதான். மேளக்காரர்கள், டிரைவர்கள், போட்டோக்காரர்கள் சாப்பிட்டது கணக்கில் சேருமா? குழந்தைகளுக்கு அரை இலையா முழு இலையா? கிழிந்த இலை யார் பக்கம்? இதையெல்லாம் முன்னாலேயே பேசி எழுதி வாங்கிவிட வேண்டும். எங்கள் சித்தப்பா முகூர்த்தத்தன்று விடியற்காலையிலேயே இலைக்கட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டைப் பிரிக்கும் முன் ஓர் எண்ணிக்கை, ஒவ்வொரு பந்தி போடும்போதும் நோட்டில் ஒரு வரி, கடைசியில் மிச்ச இலையை எண்ணி இரண்டையும் ஒத்துப் பார்ப்பது. சமையல்காரர்களின் மேற்பார்வையாளரும் தன் பக்கம் ஒரு நோட்டு வைத்திருந்தார். இரண்டு நோட்டிலும் வித்தியாசம் நாலைந்து இலைதான், அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். பணம் கொடுக்கும்போது இரண்டு தரப்பும் சிரித்த முகமாக இருந்ததற்கு அந்த நோட்டுதான் காரணம்.

மெனுவை நாங்கள் எழுதிக்கொண்டுபோனோம். மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பாதி எங்க ஆளுங்களுக்குக் கைவந்தது இல்ல. நான் சொல்றதைப் போடுங்க, நல்லா வரும்" என்றார். சரிண்ணே என்று விட்டுவிட்டோம். காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும், கவுனி அரிசி, ரங்கூன் புட்டு. கோவைக்காரர்கள் வெள்ளைப் பணியாரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். எந்த ஊரில் கல்யாணமோ அந்த ஊர்க் கைக்குத் தெரிந்ததைச் சாப்பிடுவதுதான் முறை. செட்டிநாட்டுக்குப் போய்ப் பனீர் பட்டர் மசாலா கேட்பது அந்த மாஸ்டருக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

வெளிநாட்டு நண்பர்கள் வந்தால் ஒவ்வாமை விஷயத்தில் கவனம் வேண்டும். "நட்ஸ் சேர்க்காதீங்க" என்று சொன்னால் போதாது. கல்யாணச் சமையலில் முந்திரி கண்ணுக்குத் தெரியாமல் அரைபட்டுக் குருமாவிலும் கூட்டிலும் போய்விடும். கடலை எண்ணெயை யாரும் கடலையாக நினைப்பதில்லை. முந்திரி, நிலக்கடலை, கடலை எண்ணெய், எள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மாஸ்டர் சிரத்தையாக ஒரு சிறிய அடுப்பையும் அதற்கென்று தனிக் கரண்டியையும் ஒதுக்கிவிட்டார். பரிமாறுபவர்களில் ஒருவருக்கு அந்த விருந்தாளியின் முகத்தையே காட்டி வைத்தோம்.

இனி பத்திரிகை. கல்யாணப் பத்திரிகை என்றால் சிவகாசி என்று எல்லோரும் சொல்வார்கள், அட்டை வகைகள் அங்கே கொட்டிக்கிடக்கின்றன என்பது உண்மை. நாங்கள் அட்டையை வாங்கி, அச்சடிப்பதை வேறு ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். நான் அனுப்பிய வாட்ஸ்அப் வாசகத்தை அப்படியே எடுத்துப் போடுவார்கள் என்று இருந்தேன். பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான், யூனிகோடில் வருவதைத் திரும்ப டைப் செய்கிறார்கள். அங்கேதான் ல, ள, ழ எல்லாம் இடம் மாறுகின்றன. எங்கள் முதல் ப்ரூஃபில், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பிரதியில், தாய்மாமன் பெயரில் ஒரு ழகரம் போய்விட்டது. அதைவிடப் பெரிது, விசுவாவசு வருடம் என்று வர வேண்டிய இடத்தில் குரோதி வருடம் என்றே இருந்தது. போன வருடத்துக் கல்யாணத்தின் வாசகத்தை எடுத்து, பெயரும் தேதியும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போன் திரையில் பார்த்த நாலு பேருக்கும் அது படவில்லை. நேரில் தாளில் அடித்து வாங்கி, பெரியப்பாவை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னபோதுதான் அகப்பட்டது. பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்துக் கேட்காமல் அச்சுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மாப்பிள்ளை, பெண் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணங்களையும் பதிவு செய்ய வேண்டும், கல்யாணம் நடந்து 90 நாளுக்குள். அதற்கு ஆதாரமாகக் கேட்பது இந்தப் பத்திரிகையைத்தான். இனிஷியல் ஒரு இடத்தில் விரிந்தும் ஒரு இடத்தில் சுருங்கியும் இருந்தால், பிறகு துணைவர் விசாவுக்குப் போகும்போது தலைவலி.

மெனு அட்டையும் அதே அச்சகத்தில் அடித்தோம், இரண்டு மொழியில். காரத்துக்கு மிளகாய்ப் படம், முந்திரி உள்ளதற்கு முந்திரிப் படம். என் ஆஸ்திரேலிய நண்பர்கள் அதை வைத்துக்கொண்டு பந்தியில் யாரையும் கேட்காமல் சாப்பிட்டார்கள்.

தாம்பூலத்துக்குப் பனையோலைக் கொட்டான் (சிறிய கூடை) சொன்னோம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு, சுற்று வட்டாரப் பெண்கள் கையால் முடைகிறார்கள். ஓலை காயணும், சாயம் ஏறணும், ஒவ்வொன்றாக முடையணும், அதனால் மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். 2019 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிற மாநிலத்தில் இதைவிட அழகான மாற்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்திரேலியா திரும்புகிறவர்களுக்கு மட்டும் வெற்றிலை, தேங்காய் வைக்காமல் கொடுத்தோம். ஓலைக் கொட்டானையும் விமான நிலையப் படிவத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று கையோடு சொல்லிவிட்டோம்.

பணம் கொடுப்பது பற்றி ஒன்று. ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடம் இருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 ஏப்ரலில் இருந்து சட்டத்தில் இடமில்லை. சமையல், அலங்காரம் எல்லாம் சுலபமாக அதைத் தாண்டும். வங்கி வழியாகவே அனுப்புங்கள், ரசீது கேளுங்கள்.

பதிவை நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே முடித்துக்கொண்டோம். கல்யாணம் நடந்த இடத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில், சாட்சிகளோடு போய். பத்திரிகையில் பத்துப் பிரதியை மஞ்சள் தடவாமல், மடிக்காமல் ஒரு உறையில் போட்டுப் பாஸ்போர்ட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் வீட்டில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.