வைரல் நிமோனியாவுக்கு அப்புறம் வீட்டுக்கே வந்து பண்ற நியூரோ ரீஹேப், எங்க அனுபவம்

அக்காவுக்கு வைரல் நிமோனியா முத்திப்போய் வென்டிலேட்டர் வரைக்கும் போச்சு, பொழச்சு வந்ததே பெருசுன்னு இருந்தோம், வீட்டுக்கு வந்தப்புறம் தான் ஞாபகம் சரியில்லன்னு தெரிஞ்சுது, ஆக்சிஜன் கொறஞ்சதால வந்த மூளைக்காயம் அது. தலைல அடியே படாம மூளைக்காயம் எப்படின்னு நிறைய பேர் கேக்குறாங்க. மூளை நம்ம எடையில 2% தான் இருக்கும், ஆனா உடம்பு செலவு பண்ற ஆக்சிஜன்ல 20% கிட்ட அதுக்கே போகுது, நுரையீரல் கெட்டு ஆக்சிஜன் ரொம்ப இறங்கிட்டா சீக்கிரம் பாதிக்கிற இடங்கள்ல ஹிப்போகேம்பஸும் ஒண்ணு, புதுசா நடக்குறத பதிய வைக்கிறதுக்கு அது தான் முக்கியம். அக்காவுக்கு ஸ்கூல் கதையெல்லாம் அப்படியே வரும், காலைல யார் வந்தாங்கன்னு கேட்டா முழிப்பா.

அதுக்கு தான் இந்த நியூரோ ரீஹேப், அதாவது மூளை பாதிப்புக்கு அப்புறம் குடுக்குற மறுவாழ்வுப் பயிற்சி. இந்த சர்வீஸ்ல ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (குளிக்கிறது, டிரஸ் மாத்துறது மாதிரி அன்றாட வேலைகள பழக்குறவங்க), ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் வர்றாங்க. பேச்சு நல்லா தான இருக்கு ஸ்பீச் தெரபி எதுக்குன்னு வேணாம்னு சொல்லிடாதீங்க, முழுங்குறது, வார்த்தை தேடுறது, ஞாபகம் எல்லாமே அவங்க தான் பாக்குறாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது அவங்க சொல்லிக்குடுக்குற விதம். மாத்திரை எங்க இருக்கு? நீல டப்பால. இத மட்டும் எடுத்துக்கிட்டாங்க. ஒரு நிமிஷம் கழிச்சு கேப்பாங்க, அப்புறம் 2 நிமிஷம், அப்புறம் 4, நடுவுல சும்மா வேற பேச்சு. அக்கா தடுமாறுனா "யோசிச்சு பாருங்க"ன்னு விட மாட்டாங்க, உடனே பதில சொல்லிட்டு கடைசியா கரெக்டா சொன்ன இடைவெளிக்கு திரும்பிப் போவாங்க. ஏன்னா இந்த மாதிரி காயத்துல தப்பா யூகிச்சு சொன்னா அந்த தப்பே மனசுல ஒட்டிக்குமாம். இப்ப அக்கா யாரும் கேக்காமலே நீல டப்பாவ எடுக்குறா, அத பாக்குறப்ப வர்ற சந்தோஷத்த சொல்ல முடியாது!

ஞாபகம், கவனம் எல்லாம் எப்படி இருக்குன்னு பாக்குற மோகா (MoCA) டெஸ்டும் எடுத்தாங்க, 30க்கு மார்க், 26 இல்ல அதுக்கு மேல இருந்தா நார்மல்னு பொதுவா சொல்லுவாங்க. ஆனா அந்த நம்பர மட்டும் வச்சு முடிவு பண்ணல, அக்கா குளிச்சு டிரஸ் மாத்துறதுல எந்த ஸ்டெப்ல நிக்கிறான்னு வீட்ல உக்காந்து பாத்து குறிச்சுக்கிட்டாங்க, அது எந்த ஸ்கேன்லயும் வராது. டயர்டும் அப்படித்தான். பாக்குறவங்களுக்கு சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், உண்மையில மூளை களைச்சுப் போகுது, அதனால முழுசா களைக்கிறதுக்கு முன்னாடியே ரெஸ்ட் எடுக்கணும்னு சொல்லி வீட்ல எல்லாருக்கும் புரிய வச்சாங்க. டிவி ஓடிட்டு இருக்கும்போது பேசாதீங்கன்னாங்க, அந்த ஒண்ணுலயே பாதி எரிச்சல் கொறஞ்சுது.

குறைன்னா, தெரபிஸ்ட் லீவுன்னா புதுசா ஒருத்தர அனுப்பிடுறாங்க. புது முகத்த ஞாபகம் வச்சுக்க கஷ்டப்படுற ஆளுக்கு இது பெரிய பிரச்சனைங்க, அன்னிக்கு அக்கா ஒத்துழைக்கவே மாட்டா. இன்னொன்னு, ஐசியூல இருந்தப்ப வந்த குழப்பம், பயங்கர கனவு இதெல்லாம் இன்னும் அவள விடல, ஐசியூல இருந்து வர்ற நிறைய பேருக்கு உடம்பு, ஞாபகம், மனசு மூணுமே பாதிக்கும், ஆனா மனசுக்கு இவங்ககிட்ட ஆளே இல்ல. கவுன்சிலர நாங்க தனியா தான் தேடுனோம்.

மறதியும் தடுமாற்றமும் முக்கிய பிரச்சனைன்னா தாராளமா போலாம். கை கால் இறுக்கம் தான் அதிகம்னா பிசியோ இவங்ககிட்ட கிடையாது, வேற இடம் பாருங்க. புக் பண்றப்பவே மாத்து ஆள் யாருன்னு கேட்டு, முதல் வாரத்துலயே அவங்களையும் ஒருதடவ கூட்டிட்டு வரச் சொல்லிடுங்க.