மெட்டுக்கு வரியா, வரிக்கு மெட்டா?

நேரம்
மெட்டு முதலில்: ஹம்மிங்கை போனில் பதிந்து தத்தகாரமாக்குங்கள், அதாவது சந்தத்தை ‘தன’, ‘தான’ என்ற அசைகளில் எழுதுங்கள். ‘தன தான தன தான’ என்றால் ‘சில நேர மழை போல’ அப்படியே உட்காரும். பல்லவி சீக்கிரம் முடியும்.
வரி முதலில்: அடிக்கு அடி மாத்திரை (எழுத்து ஒலிக்கும் நேர அளவு) கூடிக் குறைந்தால் இரண்டாம் சரணம் அதே மெட்டில் அமராது. எண்ணித் திருத்த நேரம் பிடிக்கும்.

பொருள்
மெட்டு முதலில்: சொல் தவறான இடத்தில் முறியும். ‘பலகை’ என்பது ‘பல கை’ ஆகிவிடும். சந்தத்தை நிரப்ப ‘அடி’, ‘அந்த’ என்று ஒட்டுச் சொற்களும் நுழையும்.
வரி முதலில்: இந்தத் தொல்லை குறைவு. கதை சொல்லும் பாட்டுக்கு இதுவே சரி.

மேடை
மெட்டு முதலில்: நீளும் சுரத்தில் ‘மனசு’ போலக் குற்றியலுகரம் (சொல் முடிவில் குறுகி ஒலிக்கும் ‘உ’) விழுந்தால் குரல் நிற்காது, ‘நிலா’ போல நெடிலில் முடியுங்கள்.
வரி முதலில்: மூச்செடுக்க இடமிருக்காது. நடந்துகொண்டே பாடிப் பாருங்கள், திணறும் இடத்தில் ஒரு சொல்லை வெட்டுங்கள்.

கூட்டம் சேர்ந்து பாட வேண்டிய பாட்டென்றால் மெட்டு முதலில். கிடாரோடு தனியாளாகப் பாடுவதென்றால் வரி முதலில்.