நுரையீரல் பயாப்ஸி: ஊசியா, பிராங்கோஸ்கோபியா, அறுவையா?

நுரையீரலின் ஓரப்பகுதியில் 1 முதல் 3 சென்டிமீட்டர் வரையிலான கட்டி சிடி ஸ்கேனில் தெரிந்து, அதிலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, பேச்சு பெரும்பாலும் இரண்டு வழிகளைச் சுற்றியே அமையும். ஸ்கேன் படத்தின் துணையோடு மார்புச் சுவர் வழியாக ஊசி செலுத்துவது ஒன்று. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப்பை அனுப்பி, கணினி காட்டும் பாதையில் கட்டியை அடையும் நேவிகேஷன் முறை மற்றொன்று.

ஊசி முறைக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். அதற்கான வசதியும் பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் ஊசி நுரையீரலைத் துளைத்துச் செல்வதால், காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் நியூமோதோராக்ஸ் ஏற்படக்கூடும். அமெரிக்காவில் இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2025இல் வெளியான வெரிட்டாஸ் ஆய்வில், சரியான நோயறிதல் நேவிகேஷன் முறையில் 79 சதவீதமாகவும் ஊசி முறையில் 73.6 சதவீதமாகவும் இருந்தது. துல்லியத்தில் பெரிய இடைவெளி இல்லை. நியூமோதோராக்ஸோ ஊசி முறையில் 28.3 சதவீதம், நேவிகேஷனில் 3.3 சதவீதம். பல்லாண்டு புகைபிடித்து, நுரையீரலின் காற்றறைகள் சிதையும் எம்ஃபிசீமாவால் நலிந்துபோனவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது என்பதால், அவர் நேவிகேஷன் வசதியைத் தேடிச் செல்வதில் நியாயம் உண்டு. கட்டி மார்புச் சுவரை ஒட்டியே இருந்தால், ஊசி கடக்க வேண்டிய நுரையீரல் மிகக் குறைவு. அங்கே ஊசியே பொருத்தம் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிராங்கோஸ்கோபி என்று அவர்கள் சொல்வது நேவிகேஷனா, சாதாரண முறையா? ஓரத்தில் உள்ள சிறு கட்டிகளைச் சாதாரண முறை பெரும்பாலும் தவறவிடும்.

மார்பின் நடுவில் உள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தால் கணக்கே மாறிவிடும். அப்போது கட்டியை விட்டுவிட்டு, ஈபஸ் எனப்படும் அல்ட்ராசவுண்ட் பொருத்திய பிராங்கோஸ்கோப்பால் கணுக்களிலிருந்து திசு எடுப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். கணுவில் புற்று இருந்தால் நோயும் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஒரே முயற்சியில் தெரிந்துவிடும்.

விடியோ துணையுடன் சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில் போதுமான திசு கிடைக்கும் என்றாலும், முழு மயக்கமும் மார்புக் குழாயும் மருத்துவமனைத் தங்கலும் அதில் உண்டு. புற்றுநோய் ஐயம் வலுவாக இருந்து, எப்படியும் கட்டியை அகற்றப்போகிறார்கள் என்றால், இடையில் ஊசி இல்லாமல் நேரே இதற்குச் செல்வதையும் மருத்துவரிடம் கேட்கலாம். கட்டி அல்லாமல் நுரையீரல் முழுவதும் தழும்பேறும் நோய்களுக்கு, அனுபவமுள்ள மையங்களில் உறையவைத்துத் திசு எடுக்கும் கிரையோபயாப்ஸி அறுவைக்கு மாற்றாக உள்ளது.

எந்த வழியானாலும், எடுத்த திசு எங்கெல்லாம் போகிறது என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் ஸ்கேனில் புற்றுபோலத் தெரிவது காசநோயாகவும் இருக்கலாம். திசு முழுவதையும் அதைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு பகுதியை சலைன் எனும் உப்புநீரில் தனியே அனுப்பச் சொல்லுங்கள். புற்றுநோய் என்று உறுதியானால் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணுச் சோதனைகளுக்கும் திசு தேவைப்படும் என்பதால், மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சுவதைவிடச் சற்றுத் தடித்த ஊசியால் திசுத் துண்டே எடுப்பது பல நேரங்களில் நல்லது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. அதை இதய மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். அறிக்கையில் ‘புற்றுச் செல்கள் காணப்படவில்லை’ என்று மட்டும் வந்தால், புற்றே இல்லை என்று அதற்குப் பொருளாகாது. அந்நிலையில் மீண்டும் திசு எடுப்பார்களா, வேறு முறைக்கு மாறுவார்களா, சில மாதங்களில் ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்களா என்பதை, சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.