லெட்கேர் 2: விரல்நுனி ரத்தத்தில் ஈயத்தை அளக்கும் கருவி

பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறைகளை ஒட்டி வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்பதை முகாமிலேயே பார்த்துச் சொல்ல, கைக்கடக்கமான லெட்கேர் 2 கருவி பெரிதும் உதவுகிறது. ஆனால், அது காட்டும் எண்ணை முதற்கட்டச் சோதனையின் முடிவாக மட்டுமே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விரலில் குத்தி 50 மைக்ரோலிட்டர், அதாவது ஓரிரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். ரத்தத்திலுள்ள ஈயத்தில் ஏறக்குறைய முழுவதும் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள சிறு குப்பியில் ரத்தத்தைக் கலந்து அவற்றை முதலில் சிதைக்கிறார்கள். கலவை பழுப்பு நிறத்துக்கு வந்த பிறகே சென்சாரில் ஒரு சொட்டு விட வேண்டும். கருவி ஈயத்தை மின்முனையில் படியவைத்து, பிறகு அதைக் கரைத்தெடுக்கும்போது எழும் மின்னோட்டத்திலிருந்து அளவைக் கணிக்கிறது. மூன்று நிமிடங்களில் திரையில் எண் தெரிந்துவிடும்.

கருவியைவிட விரலே அதிகம் ஏமாற்றும். பட்டறைத் தூசி படிந்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் மட்டும் துடைத்துவிட்டுக் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் ஈயம் ரத்தத்தோடு சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, உலர்த்தி, குழந்தை அந்தக் கையால் சட்டையையோ மேசையையோ தொடுவதற்குள் குத்தி, முதல் சொட்டைத் துடைத்தெறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பதே சரியான முறை. கை கழுவத் தண்ணீர் வசதியில்லாத இடத்தில் இந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது.

ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) ரத்தத்துக்கு 3.3 முதல் 65 மைக்ரோகிராம் வரைதான் இது எண்ணாகக் காட்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலா என்பதை முடிவுசெய்யும் ஒப்பீட்டு அளவை 2021-இல் 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டதால், எந்த இடத்தில் துல்லியம் மிகவும் தேவையோ, அங்கே கருவி தன் எல்லையின் விளிம்பில் நிற்கிறது. சிரை ரத்தத்தில், அதாவது கை ரத்தக்குழாயில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில், இது அளவைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. 2021-இல் சில சோதனைத் தொகுப்புகள் இதே குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்டன. வாங்குவோர் தொகுப்பு எண்ணைச் சரிபார்ப்பதுடன், அந்தந்தத் தொகுப்புக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்ய அதனுடன் வரும் அளவுத்திருத்தப் பொத்தானையே பயன்படுத்த வேண்டும்.

அளவு கூடுதலாக வந்தால், உலோகக் கலப்பற்ற குழாயில் சிரை ரத்தம் எடுத்து, ஐசிபி-எம்எஸ் (உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஆய்வகக் கருவி) வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்ய வேண்டும். ஆர்செனிக், காட்மியம், பாதரசம் ஆகியவற்றுக்கும் அந்த ஆய்வகத்தையே நாட வேண்டும். இக்கருவி ஈயத்தை மட்டுமே அளக்கும். ஆய்வகம் தொலைவிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, உறுதிசெய்யும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்வார்கள் என்றால், இதை வாங்கத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.