ஏழு வருடமும் ஒரு பூச்சிய வழுவும்

போன ஞாயிற்றுக்கிழமை உப்புவெளியில் ஒரு கலியாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பௌதிகம் படிப்பிக்கிற நண்பர். பாயாசம் வருவதற்குள் கேட்டுவிட்டார்: "உன்னட்ட ஒரு டிஜிட்டல் வேணியர் இருக்கெல்லோ, அது எப்பிடி? இப்ப விலை இறங்கியிருக்காம். வாங்கலாமோ?"

ஒரு சொல்லில் முடிகிற கேள்விதான். என்னால் முடியவில்லை. அன்று காலைதான் அதன் பற்றரி செத்திருந்தது. "பிறகு சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

150 மில்லிமீட்டர் வரை நீளமும் தடிப்பும் அளக்கிற உருக்கு இடுக்கி, இரண்டு பக்கமும் தாடை, மேலே ஒரு சின்னத் திரை. எல்லாருக்கும் தெரிந்த சாமான். பெட்டியில் அச்சடித்திருப்பதைத் திரும்ப எழுதப்போவதில்லை. ஆனால் எதற்காக வாங்கினேன் என்று சொல்லாவிட்டால் என் கோபம் விளங்காது.

லண்டனில் இருக்கிற சித்தப்பா 2018-இல் வந்தபோது ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தந்தார். உள்ளே உண்மைக் காரில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவில் 23 மாதிரி ரேஸ் கார்கள். ஒன்றும் முடிந்த கார் இல்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளை உலோகத்தில் வார்த்த உடல்கள், பிசிறு கூட அராவாதவை. சிலதில் அடித்தட்டும் அச்சுக் கம்பியும் மட்டும். சிலதுக்குச் சில்லு உண்டு, மூக்கு இல்லை. கிட் வந்த பெட்டிகளையும் விளக்கத் தாள்களையும் சித்தி எப்போதோ வெளியே போட்டுவிட்டாராம். "எனக்கு இனிக் கண் பிடிக்குதில்லை. நீ செய்" என்றார். எது எந்தக் கார் என்று கேட்டேன். "ஒண்டும் ஞாபகமில்லை, நீயே கண்டுபிடி" என்று சிரித்தார். இன்றைக்கும் தொலைபேசியில் கேட்டால் அதே பதில்தான். ஞாபகம் இல்லாமல் அல்ல, வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கிறார் என்பது என் சந்தேகம்.

பெயின்ட் இல்லாத ரேஸ் காரை அடையாளம் காண்பது லேசு என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் நிறம்தான் நாட்டைச் சொன்னது: இத்தாலி என்றால் சிவப்பு, பிரித்தானியா பச்சை, பிரான்ஸ் நீலம், ஜேர்மனி வெள்ளி. நிறமும் இலக்கமும் இல்லாவிட்டால் ஐம்பதுகளின் கார் எல்லாம் ஒரே சுருட்டு மாதிரித்தான் இருக்கும். அப்போது நம்பக்கூடியது வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம். உண்மைக் காரின் கணக்கு தெரிந்தால் 43-ஆல் வகுத்துப் பார்க்கலாம். அதற்காகத்தான் கொழும்பில் ஒரு கடையில் சொல்லி இந்த வேணியரை எடுப்பித்தேன். ஏ.எல். படித்த காலத்தில் வேணியர் இடுக்கிமானியின் கோடுகளை எண்ணி எண்ணிக் கண் நொந்தவன் நான். இலக்கம் தானாகத் திரையில் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஓஃப் பண்ணினால் அணைவது திரை மட்டும்தான். உள்ளே சுற்று விழித்துக்கொண்டே இருக்கிறது. தாடை எங்கே நிற்கிறது என்று இராத்திரி முழுக்கக் கணக்குப் பார்த்துப் பற்றரியைக் குடிக்கிறது. எல்ஆர் 44 என்கிற அந்தப் பொத்தான் பற்றரி எனக்கு மூன்று, நாலு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். அதே அளவில் வருகிற வெள்ளி ஒட்சைட்டுப் பற்றரி எஸ்ஆர் 44 போட்டால் கொஞ்சம் கூட ஓடும், இலக்கமும் கடைசிவரை ஆடாது. ஆனால் திருகோணமலையில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். மணிக்கூடு திருத்துகிறவர் என்னைக் கண்டதும் லாச்சியைத் திறக்கிற அளவுக்கு வந்துவிட்டது. 2022-இல் அவருடைய லாச்சியும் காலி. மணித்தியாலக் கணக்கில் கரண்ட் இல்லை, பெட்ரோலுக்கு வரிசை. அந்த நேரத்தில் ரேஸ் கார் அளக்கப் பற்றரி கேட்டு நின்றவன் நான் ஒருவன்தான். மரியாதையாகத்தான் இல்லை என்றார்.

இன்னொன்று, மாரி காலம். வாடைக் காற்றோடு மழை பிடித்தால் எங்கள் வீட்டில் உப்புப் போத்தலே கசியும். இந்த வகை வேணியருக்கு அளவுத் தண்டில் ஈரம் ஆகாது. தாடையை அசைக்காமலே இலக்கம் துள்ளும். கார்த்திகை, மார்கழியில் ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்து, மேசை விளக்கின் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துத்தான் அளக்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பிள்ளை தங்கம்.

சரி, இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டியில் ஒரு கார் மட்டும் பார்த்த உடனே தெரிந்தது: மெர்சிடிஸ் டபிள்யூ 196, சில்லுகள் வெளியே தெரிகிற உடல். இந்தக் கார் 1954-இல் பிரான்ஸின் ரீம்ஸில் முதல் முறை ஓடியபோது சில்லுகளையும் மூடிய வழுவழுப்பான உடலோடு வந்தது. அதை ஓட்டிய பாஞ்சியோவும் க்ளிங்கும் முதல் இரண்டு இடம். அடுத்த ஓட்டம் இங்கிலாந்தில், சில்வர்ஸ்டோன். அங்கே வளைவுகளைக் குறிக்க வைத்திருந்த பீப்பாய்களில் பாஞ்சியோ இடித்துக்கொண்டார். மூடிய உடலுக்குள் இருந்து சில்லு எங்கே போகிறது என்று மட்டுக்கட்டுவது கஷ்டம். அதற்குப் பிறகு ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் ஓட்டத்துக்குத்தான் திறந்த உடல் வந்தது. பெயர் தெரிந்துவிட்டது என்று இங்கே நிற்க முடியாது. மெர்சிடிஸ் இதை மூன்று நீளத்தில் செய்தது. 1954-இன் கார் 2350 மில்லிமீட்டர். 1955-க்கு 2210 ஒன்று, 2150 ஒன்று. எங்கள் அளவில் இது 54.65, 51.4, 50.0. நீளத்துக்கும் நடுத்தரத்துக்கும் வித்தியாசம் 3.26 மில்லிமீட்டர். வேணியருக்கு அது மலை.

அச்சுக் கம்பிகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு அளந்து, கம்பியின் தடிப்பு 1.6-ஐக் கழித்தேன். 51.4 வந்தது. 1955! மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதேதான். 1955 என்றால் என் மனதில் இருப்பது ஒரே ஒரு ஓட்டம்: இங்கிலாந்தின் ஐன்ட்ரீ. முதல் நாலு இடமும் மெர்சிடிஸ், முன்னால் 12-ஆம் இலக்கத்தில் மொஸ், அவருக்குப் பின்னால் முட்டிக்கொண்டு பாஞ்சியோ. வேணியர் சொன்னது ஆண்டு மட்டும்தான், ஐன்ட்ரீ என்பது முழுக்க என் ஆசை. வெள்ளி அடித்தேன். சித்தப்பாவின் பழைய ஸ்டிக்கர் தாளில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு சிவப்பு 12-ஐத் தண்ணீரில் ஊறவைத்து, நூல் பிசகாமல் மூக்கில் ஒட்டினேன். அலுமாரிக்குள் வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மசெராட்டி 250எஃப் முடிந்தது. அதன் வீல்பேஸ் 2280, எங்கள் கணக்கில் 53. வேணியரும் 53 என்றே சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். 51.4 மெர்சிடிஸ், 53 மசெராட்டியைவிடக் கட்டையாக நிற்க வேண்டும். நீளமாக நின்றது. குனிந்து பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், அடிமட்டத்தை வைத்தும் பார்த்தேன். நீளம்தான். மெர்சிடிஸைத் திரும்ப அளந்தால் திரையில் 54.6.

வார்த்தவனைத் திட்டினேன். ரப்பர் அச்சைச் சுழற்றி வார்க்கிற உலோகம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், உண்மைதான். ஆனால் சுருங்கிய உலோகம் ஒன்றரை வருடம் கழித்து மூன்று மில்லிமீட்டர் வளராது. பிறகு வேணியரைத் திட்டினேன். அதைத் திட்டியதில் பாதி நியாயம் இருந்தது.

அடுத்த கிழமை, போட் எஞ்சின் திருத்துகிற பக்கத்து வீட்டுத் தம்பி வழக்கம்போல வேணியரை இரவல் கேட்டு வந்தார். இந்த முறை என் முன்னாலேயே அளந்தார். ஒரு தகட்டில் இரண்டு ஆணி, மையத்துக்கு மையம் தூரம் வேண்டும். முதலில் ஒரு ஆணியைத் தாடைக்குள் பிடித்துப் பூச்சியப் பொத்தானை அழுத்தினார். பிறகு இரண்டு ஆணிகளின் வெளி விளிம்புகளைப் பிடித்து இலக்கத்தைப் பார்த்துவிட்டு, வேணியரை மேசையில் வைத்தார்.

"தம்பி, இதென்ன?"

"கழிக்கத் தேவையில்லை, அண்ண. ஆணியைப் பிடிச்சு சைபர் அடிச்சா நேராவே மையத்துக்கு மையம் வரும். எப்பவும் இப்பிடித்தான் பாக்கிறனான்."

"ஆணி எவ்வளவு தடிப்பு?"

"மூண்டு தசம் ரெண்டு."

வேணியரை வாங்கித் தாடையை மூடினேன். திரையில் −3.20. ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன். அப்போதும் −3.20. இராத்திரி முழுக்க விழித்திருப்பது இதை ஞாபகம் வைத்திருக்கத்தானாம். மெர்சிடிஸை முதலில் அளந்த அன்றைக்கும் இப்படி ஒரு பூச்சியத்தோடுதான் அது எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. பிறகு பற்றரி செத்து மாற்றியபோது சாட்சியும் அழிந்துவிட்டது. அளக்க முன் தாடையை மூடி, இலக்கம் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பூச்சிய வழு பார் என்பது வேணியரைக் கையில் தருகிற முதல் நாளே படிப்பிக்கிற பாடம். அதற்கு நான் பரீட்சையில் புள்ளியும் வாங்கியவன். தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

12 போய்விட்டது. தின்னரில் ஊறப்போட்டு ஐன்ட்ரீயைக் கழுவினேன். நீளமான அடித்தட்டு, திறந்த சில்லு என்றால் நூர்பர்க்ரிங்கிலிருந்து யோசிக்க வேண்டும். அங்கே பாஞ்சியோவின் இலக்கம் 18. சுவிட்சர்லாந்தின் பெர்ன் ஓட்டமாகவும் இருக்கலாம். இந்த முறை அவசரப்படவில்லை. இலக்கம் இல்லாமல் வெறும் வெள்ளியாக நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூச்சியத் தந்திரம் இப்போது என்னுடையது. அச்சுக் கம்பியைப் பிடித்துப் பூச்சியம், பிறகு ஒரே பிடி, வீல்பேஸ் திரையில். ஏழு வருடத்தில் இந்தச் சாமான் தந்த பெரிய சுகம் அதுதான். கோடு போட்ட பழைய வேணியரில் இது நடக்காது.

மற்றவற்றைக் கெதியாகச் சொல்கிறேன். 23-இல் 19 தெரிந்துவிட்டது. அதில் வேணியர் கண்டுபிடித்தது பாதிகூட இல்லை. ஆறு சில்லுக்கு இடம் இருந்த டிரெல் பி34-ஐ என் மகளே சொன்னாள், 1976-இல் ஸ்வீடனில் முதல் இரண்டு இடத்தையும் பிடித்த கார். போர்ஷே 917-இன் வாலில் இரண்டு செங்குத்துத் துடுப்பு வார்த்திருந்தது. 1970-இல் லெ மான் 24 மணித்தியால ஓட்டத்தை வென்ற காருக்குத் துடுப்பு இல்லை, 1971-இல் மார்கோவும் வான் லெனெப்பும் 5335 கிலோமீட்டர் ஓட்டி வென்ற காருக்கு உண்டு. பிஆர்எம் என்கிற பிரித்தானியக் கார் ஒன்றை இரண்டு மாதம் புரட்டிப் பார்த்தேன். எஞ்சின் மூடியில் பக்கத்துக்கு நாலாக எட்டுச் சின்ன ஓட்டை. வார்ப்பில் காற்றுக் குமிழி விட்ட பழுது என்று நினைத்து அடைக்கப் பார்த்தேன். நல்லவேளை, கை நின்றது. 1962 தொடக்கத்தில் அந்தக் காரின் எட்டுப் புகைக் குழாய்களும் வானத்தைப் பார்த்து நின்றன. ஓடும்போது கழன்று விழுந்ததால் பிறகு கீழே இறக்கிவிட்டார்கள். கிரஹம் ஹில் அந்த வருடம் சாம்பியன்.

லான்சியா டி50 வேணியரையே முட்டாளாக்கியது. அதற்கும் 2280, மசெராட்டிக்கும் 2280. திரையில் இரண்டும் ஒன்று. ஆனால் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் பக்கவாட்டில் தனியாகத் தொங்குகிற எரிபொருள் தாங்கிகளைக் கண்டவன் அதை வேறு எதுவாகவும் நினைக்க மாட்டான். இத்தாலிய ஓட்டுநர் அஸ்காரி 1955-இல் மொனாக்கோவில் இந்தக் காரோடுதான் துறைமுகத்துக்குள் விழுந்தார். நீந்தி வெளியே வந்தவர், நாலு நாள் கழித்து மொன்சாவில் ஒரு ஃபெராரியைப் பரீட்சித்தபோது இறந்துபோனார். உட்துறைமுகப் பக்கம் பின்னேரம் நடக்கும்போது எனக்கு அவருடைய நீலநிற ஹெல்மெட் ஞாபகம் வரும்.

திரையில் இரண்டாம் தசமம் வெறும் படம். வார்ப்பே அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கும்போது 54.63-க்கும் 54.65-க்கும் என்ன வித்தியாசம்? இன்னொரு எச்சரிக்கை வேணியருக்கு அல்ல, காருக்கு: ஈயத்தைக் காற்றோட்டம் இல்லாத மட்டைப் பெட்டியிலோ மரப் பெட்டியிலோ வைக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். அராவினால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நேற்றுப் பின்னேரம் நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். பற்றரிக் கதை, மாரிக் கதை, −3.20 எல்லாம் சொல்லி, "வேண்டாம், வாங்காத. கோடு போட்டதையே வைச்சிரு" என்றேன்.

"சரி" என்றார். "அப்ப உன்ர சாமானை ரெண்டு கிழமைக்குத் தாவன், பிள்ளைகளுக்குக் காட்டிப்போட்டுத் தாறன்."

அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.